உழிஞைக்குள் நொச்சி: ஏவுகணைத் தடுப்பு குறித்துச் சில குறிப்புகள்

'ஏவுகணைக் கவசம்' என்ற சொல் நாளிதழ்த் தமிழில் கேள்வியின்றிப் புழங்கிக்கொண்டிருக்கிறது. கவசம் என்றவுடன் நமக்குக் கர்ணன் ஞாபகம் வந்துவிடும். தற்காப்பு, யாருக்கும் தீங்கற்றது என்ற அர்த்தங்களெல்லாம் கூப்பிடாமலேயே வந்து ஒட்டிக்கொள்ளும். இந்தச் சொல்லாடலைக் கட்டவிழ்க்க, முதலில் அந்த யந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

பாலிஸ்டிக் ஏவுகணையின் இன்ஜின் எரிவது கொஞ்ச நேரம்தான். அதற்கப்புறம் அது எறிந்த கல் மாதிரி. போகிற பாதையைக் கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம். தடுப்பது சாத்தியமாவதே இதனால்தான். தரையிலிருக்கும் ராடார் அதைக் கண்டுபிடிக்க, கணினி வரும் இடத்தையும் நேரத்தையும் கணிக்க, இன்னொரு ஏவுகணை அங்கே போய் அதை அழிக்க வேண்டும். அண்டை நாட்டிலிருந்து வருவதென்றால் எல்லாம் சில நிமிடங்களுக்குள் முடிந்தாக வேண்டும்.

இந்தியாவின் ராணுவ ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ. இதை இரண்டு அடுக்காக அமைத்தது: மிக உயரத்தில் மறிக்க 'பிஏடி', அதில் தப்பியதைக் காற்று மண்டலத்துக்குள் மறிக்க 'ஏஏடி'. 2006 நவம்பர் 27 அன்று ஒடிசாவின் சண்டிப்பூரிலிருந்து கிளம்பிய பிருத்வி ஏவுகணையை, வீலர் தீவிலிருந்து (2015 முதல் அப்துல் கலாம் தீவு) சென்ற பிஏடி சுமார் 50 கி.மீ. உயரத்தில் மறித்தது. 2007 டிசம்பர் 6 அன்று ஏஏடி சுமார் 15 கி.மீ. உயரத்தில் மறித்தது. 2024 ஜூலை 24 சோதனைக்குப் பிறகு, 5000 கி.மீ. ரக ஏவுகணைகளையும் தடுக்கும் திறன் நிரூபிக்கப்பட்டதாக அரசு அறிவித்தது.

அப்படின்னா நல்லதுதானே, உயிர்கள் பிழைக்குமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சாதாரண வெடிகுண்டு விஷயத்தில் பத்தில் ஒன்பதைத் தடுத்தால் அது வெற்றி. அணுகுண்டு விஷயத்தில் தப்பி வரும் அந்த ஒன்று ஒரு நகரம். எதிராளி போலிகளையும் சேர்த்து அனுப்பலாம். காற்றில்லாத வெளியில் ஒரு பலூனும் நிஜ குண்டும் ஒரே வேகத்தில்தான் போகும். காற்றுக்குள் நுழைந்தபின் பலூன் பின்தங்கிவிடும், உண்மை தெரிந்துவிடும். ஆனால் அப்போது மிஞ்சுவது சில விநாடிகள்.

இங்கே இலக்கணம் கொஞ்சம் உதவும். மதிலை வளைப்பது உழிஞை, மதிலைக் காப்பது நொச்சி என்று படித்திருக்கிறோம். நொச்சியைத் தனித் திணையாகப் பிரித்தது பிற்காலத்துப் புறப்பொருள் வெண்பாமாலை. தொல்காப்பியர் வளைப்பவனையும் காப்பவனையும் உழிஞை என்ற ஒரே திணைக்குள்தான் வைத்தார். ஏவுகணை அரசியலைப் புரிந்துகொள்ள அவர்தான் பொருத்தம் என்று தோன்றுகிறது.

2006 சோதனையையே பாருங்கள். தாக்க வந்தது பிருத்வி. தடுத்த பிஏடியும் பிருத்வியிலிருந்து உருவாக்கியதுதான். 2019 மார்ச் 27 அன்று இந்தியா தன் செயற்கைக்கோள் ஒன்றைச் சுட்டு வீழ்த்தியதும் இந்தத் தடுப்புத் திட்டத்தின் ஏவுகணையால்தான். கவசம் வேலாக மாற ஒரு நாள்கூட ஆகவில்லை.

கவசம் உள்ளவன் முதலில் அடித்துவிட்டு, எதிராளியிடம் மிஞ்சியதைக் கவசத்தால் சமாளிக்கலாம் என்ற துணிச்சல் கொள்ளக்கூடும். இந்த பயத்தில்தான் அமெரிக்காவும் சோவியத் யூனியனும் 1972இல் தடுப்பு ஏவுகணைகளுக்கு வரம்பு கட்டி ஒப்பந்தம் போட்டன. 2002இல் அமெரிக்கா அதிலிருந்து வெளியேறியது. அணு ஆயுதத்தை முதலில் பயன்படுத்த மாட்டோம் என்று இந்தியா சொல்லியிருக்கிறது, வாஸ்தவம்தான். ஆனால் எதிராளி கணக்கில் எடுப்பது வாக்குறுதியை அல்ல, திறனை. 2017 ஜனவரியில் பல குண்டுகளைச் சுமக்கும் அபாபீல் ஏவுகணையைப் பாகிஸ்தான் சோதித்தபோது, வட்டாரத்தில் வளரும் ஏவுகணைத் தடுப்பையே காரணமாகச் சொன்னது. 2024 மார்ச்சில் இந்தியாவும் பல குண்டுகளோடு அக்னி-5ஐ ஏவியது. மதில் உயர உயர ஏணியும் நீள்கிறது.

இந்த மதில் யார் நிலத்தில் எழும்புகிறது? 1980களில் ஒடிசாவின் பாலியாபாலில் ஏவுகணைச் சோதனைத் தளம் அமைக்க அரசு முடிவெடுத்தது. வெற்றிலைக் கொடிக்காலும் நெல்லும் விளையும் பூமி. ஜனங்கள் ஊருக்கு வரும் வழிகளை மறித்து, அதிகாரிகளை உள்ளே விடாமல் நின்றார்கள். தளம் அங்கே வரவில்லை. சண்டிப்பூரில் சோதனை நாட்களில் சுற்றுவட்டாரத்து ஜனங்களை இன்றும் தற்காலிகமாக அப்புறப்படுத்துகிறார்கள். வடலூரிலிருந்து நெய்வேலிச் சுரங்கத்தின் மண்மேடுகளைப் பார்ப்பவர்களுக்குப் பாலியாபால் அவ்வளவு தூரத்து ஊர் இல்லை. 'தேச நலன்' என்ற சொல் பட்டா நிலத்துக்குள் எப்படி நுழையும் என்று இந்த வட்டாரத்துக்குத் தெரியும்.

2012இல் முதல் கட்டக் கவசம் தயார் என்று சொல்லப்பட்டபோது செய்திகளில் அடிபட்ட பெயர்கள் டெல்லியும் மும்பையும். சண்டிப்பூர் அந்தப் பட்டியலில் இல்லை. எழுதுகிற நாம் 'கவசம்' என்று எழுதும் ஒவ்வொரு தடவையும் இரண்டு கேள்விகளைச் சேர்த்தே எழுத வேண்டும்: அது யாரை மூடுகிறது? எதிரே இருப்பவனை என்ன செய்யச் சொல்கிறது?