தாலியும் கயிறும்: பள்ளி நூலகம் கற்பிக்கும் ஆய்வுநெறி

சில ஆண்டுகளுக்கு முன்னர் இடைநிலைப்பள்ளி மாணவி ஒருவர் தம் இடுபணிக் கட்டுரையைப் பார்வையிடுமாறு என்னிடம் தந்தார். ‘மலாய்மொழியில் வழங்கும் தமிழ்ச்சொற்கள்’ என்பது தலைப்பு. கடை ‘கெடாய்’ ஆயிற்று, பெட்டி ‘பெத்தி’ ஆயிற்று, கட்டில் ‘காத்தில்’ ஆயிற்று எனப் பட்டியல் நீண்டது. அதன் இறுதியில் ‘தாலி’ என்னும் சொல் இருந்தது. மலாய்மொழியில் தாலி என்றால் கயிறு. காலணிக் கயிற்றைத் ‘தாலி காசுட்’ என்பர் என்பதை நம் பிள்ளைகள் அனைவரும் அறிவர். தமிழர் திருமணத்தில் மஞ்சள் கயிற்றில் கோத்துக் கட்டுவதும் தாலியே. ஆகவே இது தமிழிலிருந்து சென்ற சொல் என்பது அம்மாணவியின் முடிவு.

“இதற்குச் சான்று என்ன, அம்மா?” என்று கேட்டேன்.

“ஒலியும் பொருளும் ஒத்திருக்கின்றனவே, ஐயா. இணையத்திலும் அவ்வாறுதான் எழுதியிருந்தார்கள்” என்றார்.

அம்மறுமொழியில் குறும்பு ஏதுமில்லை. நம் மாணவர்களுள் பலரும் ஆய்வு என்று கருதுவது இதனையே: ஒரு வினாவுக்கு ஒரு விடையைக் கண்டுபிடித்து எழுதிவிடுதல். ஆனால் விடையைக் கண்ட இடத்தில் ஆய்வு முடிவதில்லை. அவ்விடையை ஐயுற்றுச் சோதிக்கும்போதுதான் அது தொடங்குகிறது. அச்சோதனைக்கு உரிய பயிற்சிக்களம் பள்ளி நூலகம் என்பதை இவ்வொரு பட்டியலைக் கொண்டே விளக்க முற்படுகிறேன்.

அடுக்கே ஒரு பாடம்

நம் பள்ளி நூலகங்களில் பெரும்பாலும் பின்பற்றப்படுவது மெல்வில் டூயி 1876இல் வெளியிட்ட பதின்ம வகைப்பாடு. நூலின் முதுகில் ஒட்டப்பட்டுள்ள எண்ணைப் பிள்ளைகள் வெறும் முகவரியாகவே காண்கின்றனர். அது முகவரி மட்டுமன்று. தமிழ்மொழி பற்றிய நூல்களுக்கு 494.811, தமிழ் இலக்கியத்திற்கு 894.811. முதல் இலக்கமாகிய 4 மொழியையும் 8 இலக்கியத்தையும் குறிக்கும். தொடரும் இலக்கங்கள் மொழியின் உறவைச் சொல்லும். திராவிட மொழிகள் 494.8இன்கீழ் அமைய, மலாய்மொழி 499.28இல் நிற்கிறது. அதற்கு அருகில் 499.211இல் நிற்பது பிலிப்பீன்சின் தகாலோக் மொழி.

தமிழும் மலாயும் வெவ்வேறு மொழிக்குடும்பங்களைச் சார்ந்தவை என்னும் அடிப்படை உண்மையை அடுக்கு இவ்வாறு சொல்லாமற் சொல்லிவிடுகிறது. ஆகவே ஒத்த சொல் ஒன்று இரண்டிலும் காணப்பட்டால், ஒன்று மற்றொன்றிடமிருந்து கடன்பெற்றிருக்கலாம். இரண்டும் மூன்றாம் மொழியொன்றிலிருந்து பெற்றிருக்கலாம். அல்லது அவ்வொற்றுமை தற்செயலாகலாம். எது உண்மை என்பதே இனி ஆராய வேண்டிய வினா.

கட்டிலின் சான்று

முதலில் கட்டிலை எடுத்துக்கொண்டோம். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியிலிருந்து தொடங்கினோம். அகராதி வழிகாட்டுமேயன்றி முடிவு சொல்லாது. அது சுட்டும் மூலநூலைத் திறந்து பார்த்தல் வேண்டும். புறநானூற்றின் 50ஆம் பாடலில், மோசிகீரனார் முரசுகட்டிலில் துயின்ற நிகழ்ச்சி உள்ளதை மாணவி மகிழ்ச்சியுடன் காட்டினார். பாடலை மீண்டும் ஒருமுறை படிக்கச் சொன்னேன். ‘கட்டில்’ என்னும் சொல் பாடலுக்குள் இல்லை; பாடலின்கீழ் உள்ள குறிப்பிலேயே இருந்தது. இக்குறிப்புகள் பாடல்களுக்குப் பிந்தியவை என்பது அறிஞர் பலரின் கருத்து. எனவே அச்சான்று வலுக்குறைந்தது.

பதிப்பின் இறுதியிலிருந்த சொல்லடைவைப் புரட்டியபோது, ஔவையாரின் 286ஆம் பாடல் கிடைத்தது. அங்கே பாடையைக் குறிக்கக் காலில்லாத கட்டில் என்னும் பொருளில் இச்சொல் பாடலுக்குள்ளேயே வருகிறது. உறவுமொழியாகிய மலையாளத்திலும் கட்டில் உண்டு. பழமையும் உறவுமொழிச் சான்றும் இணையவே, மலாய்மொழி இச்சொல்லைத் தமிழ்வழிப் பெற்றது என்னும் முடிவு உறுதிப்பட்டது. சொல்லடைவைப் பயன்படுத்துதல், மூலத்தையும் குறிப்பையும் வேறுபடுத்துதல் ஆகிய இரு திறன்களை அவ்வொரு மணிநேரம் கற்பித்தது.

தாலியின் மறுப்பு

பின்னர் தாலிக்கு வந்தோம். புறநானூறு 77ஆம் பாடலில் தாலி வருகிறது. ஆனால் அதனை அணிந்திருப்பவன் போர்க்களம் புகுந்த இளம் பாண்டியன் நெடுஞ்செழியன். சிறுவர்க்கு அணிவிக்கும் தாலியைக்கூட அவன் இன்னும் களையவில்லை என்று புலவர் வியக்கிறார். அங்கே தாலி என்பது அணிகலன், கயிறு அன்று. பொருள் ஒன்றே என்னும் வாதம் இவ்விடத்தில் தளர்ந்தது.

மலாய்ப் பக்கம் திரும்பினோம். 1970இல் முதன்முதல் வெளிவந்த காமுஸ் டேவான் சொல்லின் பொருளைத் தெளிவாகத் தந்தது. சொல்லின் வரலாற்றுக்கு வேறு நூல்கள் தேவைப்பட்டன. பள்ளி நூலகத்தின் எல்லையை உணர்ந்து, அடுத்து எங்குச் செல்வது என்று அறிவதும் ஆய்வுத்திறனே. நூலகப் பொறுப்பாசிரியர் மாணவியைப் பொது நூலகத்திற்கு அழைத்துச் சென்றார். தகாலோக் மொழியிலும் கட்டும் கயிறு ‘தாலி’யே. தொலைவிலுள்ள மடகாஸ்கர் தீவின் மலகாசி மொழியில் கயிறு ‘தாடி’. மலாயில் ஐந்தைக் குறிக்கும் ‘லீமா’ மலகாசியில் ‘டிமி’ ஆகிறது. அதே ஒலித்திரிபே இங்கும் நிகழ்ந்துள்ளது. தனியொரு சொல்லின் ஒற்றுமை சான்றாகாது. மீண்டும் மீண்டும் வரும் ஒழுங்கே சான்றாகும். ஆகவே மலாய்த் தாலி அக்குடும்பத்தின் பழஞ்சொல். தமிழ்த் தாலியோடு அதன் ஒற்றுமை தற்செயலானது.

மாணவியின் முகம் வாடியது. தம் மொழியின் பெருமைக்கு உரியது என்று நம்பிய ஒன்றைத் தம் கையாலேயே நீக்குதல் எளிதன்று. ஆயினும் பொய்ச்சான்று ஒன்று பட்டியலில் இருப்பின், அதனைக் கண்டவர் மெய்ச்சான்றுகளையும் ஐயுறுவர். தாலியைக் காத்தால் கட்டிலையும் இழப்போம் என்று விளக்கினேன்.

ஆசிரியர்க்கு ஒரு வேண்டுகோள்

நூலகத்தைப் பூட்டிவைத்தலும், கூட்ட அறையாகப் பயன்படுத்தலும், படித்த நூல்களின் எண்ணிக்கையை மட்டும் பதிவுசெய்தலும் இத்திறனை வளர்க்கமாட்டா. திங்களுக்கு ஒரு பாடவேளை ஒதுக்குக. ஒரு சிறு வினாவையும், அதுபற்றி இருவேறு செய்தி தரும் இரண்டு நூல்களையும் மாணவர் கையில் தருக. ஒவ்வொருவருக்கும் ஒரு குறிப்பட்டை கொடுத்து, மேலே வினாவையும், அடுத்து நூற்பெயர், ஆசிரியர், பதிப்பாண்டு, பக்க எண் ஆகியவற்றையும் எழுதச் செய்க. இடப்பக்கம் நூல் சொல்வது. வலப்பக்கம் மாணவர் கருதுவது. இவ்விரண்டும் கலவாதிருத்தலே முதற்பயிற்சி.

இணையத்தை விலக்க வேண்டுவதில்லை. தமிழ்ப் பேரகராதியை இன்று இணையத்திலும் தேடலாம். செயற்கை நுண்ணறிவுச் செயலி தரும் விடையையும் இதே அட்டையில் எழுதலாம். நூற்பெயரும் பக்க எண்ணும் எழுத இயலாது அக்கட்டம் வெறுமையாக நின்றால், அவ்விடையை எவ்வளவு நம்பலாம் என்பதை மாணவரே உணர்வர்.

அம்மாணவியின் கட்டுரை இரண்டு வாரம் கழித்து மீண்டும் என்னிடம் வந்தது. பட்டியலில் தாலி இல்லை. அதற்கு ஈடாக, அச்சொல்லை ஏன் நீக்கினேன் என்று அவர் எழுதிய ஒரு பக்கம் சேர்ந்திருந்தது. அக்கட்டுரையில் முழுவதும் அவருடையதாக இருந்த பக்கம் அதுவே.