குப்பை மடல் வடிகட்டி: புதுப்பித்த பிறகு ஏன் மந்தம்?

"சார், புது வெர்ஷன் போட்டதிலேர்ந்து மெயிலே வரமாட்டேங்குது." அலுவலகக் கணினிகளைக் கவனித்துக்கொள்ளும் நம் பிள்ளைகள் பலருக்கும் பழகிப்போன புகார் இது. காலையில் அனுப்பிய டெண்டர் மடல் மாலையில் வந்து சேர்ந்தால் மேலதிகாரிக்குக் கோபம் வரத்தானே செய்யும்? "அந்த ஃபில்டரையே எடுத்துடுங்க" என்பார். எடுத்துவிட்டால் லாட்டரிப் பரிசுக் கடிதங்களுக்கு நடுவே அந்த டெண்டரைத் தேட வேண்டியதுதான்.

பலரும் பயன்படுத்தும் ஸ்பாம்அசாசின் என்ற இலவச மென்பொருளையே எடுத்துக்கொள்வோம். ஜஸ்டின் மேசன் 2001-இல் வெளியிட்டது; 2004 முதல் அப்பாச்சி அறக்கட்டளையின் பொறுப்பில் உள்ளது. மடல் ஒவ்வொன்றையும் நூற்றுக்கணக்கான விதிகளால் சோதித்து மதிப்பெண் போடும். வழக்கமான அமைப்பில் 5 மதிப்பெண் சேர்ந்தால் அது குப்பை.

மந்தம் என்றதும் ரேம் வாங்க ஓடுகிறார்கள். என்னைக் கேட்டால் அது கடைசியில் செய்யவேண்டிய வேலை. பெரும்பாலும் கணினி உழைத்துக் களைக்கவில்லை. பதிலுக்காகச் சும்மா காத்துக் கிடக்கிறது. இதைச் சோதிப்பது சுலபம். ஒரே மடலை இரண்டு முறை வடிகட்டியில் செலுத்துங்கள்; இரண்டாம் முறை கட்டளையோடு 'எல்' என்ற விருப்பத்தைச் சேர்த்தால் வெளிச் சோதனைகள் நின்றுவிடும். முதல் முறை பதினைந்து விநாடி, இரண்டாம் முறை ஒரே விநாடி என்றால் குற்றவாளி வலையமைப்புதான்.

அதென்ன வெளிச் சோதனை? மடல் அனுப்பிய கணினியின் ஐ.பி. எண்ணைத் திருப்பிப் போட்டு, "இது உங்கள் கறுப்புப் பட்டியலில் உண்டா?" என்று டி.என்.எஸ். வழியே பல இடங்களில் வடிகட்டி விசாரிக்கிறது. உண்டு, இல்லை என்ற பதில் நொடியில் வந்துவிட்டால் கவலையில்லை. பதிலே வராவிட்டால்தான் தொல்லை: இயல்பான காத்திருப்பு வரம்பு 15 விநாடி. புதுப் பதிப்பில் முன்பு அணைத்து வைத்திருந்த சோதனைகள் மறுபடி உயிர்பெற்றிருக்கலாம். பழைய அமைப்புக் கோப்பு அப்படியே தொடர்ந்து, மூடப்பட்ட பட்டியல்களை இன்னும் விசாரித்துக்கொண்டும் இருக்கலாம். சோர்ப்ஸ் 2024 ஜூனில் மூடப்பட்டது. ஓ.ஆர்.டி.பி. கதை இன்னும் வேடிக்கை. 2006 டிசம்பரில் கடையை மூடியது. அப்புறமும் விடாமல் கேட்டவர்களுக்கு 2008 மார்ச்சில் "எல்லாமே குப்பை" என்று பதில் தந்தது! ஆகவே யாரோ எப்போதோ கையால் சேர்த்த வரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, செத்தவற்றை நீக்குங்கள்.

கேள்விகளைக் கூகுள் போன்ற பொது டி.என்.எஸ். வழியே அனுப்புவதும் கூடாது. ஸ்பாம்ஹாஸ் அவற்றை ஏற்பதில்லை. அன்பவுண்ட் போன்ற மென்பொருளை அதே கணினியில் நிறுவி, யாருக்கும் கைமாற்றாமல் நேரடியாக விசாரிக்கச் செய்யுங்கள். கிடைத்த பதிலை அது நினைவில் வைத்துக்கொள்வதால் வேகமும் கூடும்.

'எல்' சேர்த்தும் மந்தம்தானா? அப்போது கோளாறு வீட்டுக்குள்ளே. எஸ்ஏ-கம்பைல் கொண்டு விதிகளைத் தொகுத்து வைத்திருந்தவர்கள், பதிப்பு மாறியதும் அதை மறுபடி ஓட்ட வேண்டும். பழைய தொகுப்பு புதியதற்கு உதவாது. 2022 டிசம்பரில் வந்த 4.0 பதிப்பு, எழுத்துகளை யு.டி.எஃப்-8 ஆக்கிய பிறகே சோதிப்பதை இயல்பாக்கிவிட்டது. தமிழ் மடல்களுக்கென்று கையால் எழுதிய பழைய விதிகள் இருந்தால் அவற்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ரேம் பேச்சு இதற்கப்புறம்தான். வடிகட்டி இயல்பாக 5 பிள்ளைச் செயல்கள் வரை வைத்துக்கொள்ளும். நினைவகம் போதாமல் வட்டுக்குப் போய்வந்தால் எல்லாமே நின்றுவிடும். எண்ணிக்கையை 3 ஆகக் குறைத்துப் பாருங்கள், செலவில்லாமலே மடல் ஓட ஆரம்பிக்கலாம்.