அரிதாரத்துள் ஓர் ஊர்

மாசி மாதத்து வளர்பிறை நாட்களில் நுவரெலியா, ஹற்றன் பகுதித் தேயிலைத் தோட்டங்களிற் காமன் கூத்து ஆடுவது மலையக மக்களின் மரபு. லயத்து முற்றத்தில் தப்பு முழங்குகின்றது. பகலெல்லாம் கவ்வாத்து வெட்டிய இளைஞர் ஒருவர், முகத்தில் அரிதாரம் பூசிச் சேலையுடுத்தி இரதியாக வந்து நிற்கின்றார். ஈசனின் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிந்ததும் அவர் பாடும் ஒப்பாரியில், கூடியிருப்போர் கண்களும் கலங்குகின்றன.

வேடமிட்ட முகம் இத்துணை வலிமை பெறுவது எவ்வாறு? கடல் கடந்த வேறொரு மக்களை நோக்கினால் விடை கிடைக்கும்.

அடிமைகளாக அமெரிக்கக் கண்டத்துக்குக் கொண்டு செல்லப்பட்ட ஆபிரிக்கர், தம் முகமூடிகளை உடன் எடுத்துச் செல்ல இயலவில்லை. ஆயினும் அந்நினைவு மாய்ந்துவிடவில்லை. யமேக்காவிலே நத்தார்க் காலத்தில் ஆடப்படும் 'ஜோன்கனு' ஆட்டத்தில் பசுத்தலை, குதிரைத்தலை வேடங்களாக அது மீண்டும் எழுந்தது. 1938ஆம் ஆண்டு, பாரிஸ் நகரில் தங்கியிருந்த கறுப்பின அமெரிக்க ஓவியை லோயிஸ் மைலு ஜோன்ஸ், ஐந்து ஆபிரிக்க முகமூடிகளை ஒருசேர வரைந்தார். அவ்வேளை அவர் ஆபிரிக்காவைக் கண்டதில்லை! காணாத தாயகத்தை முகமூடியின் வழியே தமதென்று உரிமை கொண்டாடினார்.

அவர்கள் வரலாறும் நம்மவர் வரலாறும் ஒன்றல்ல. அவர்கள் விலைக்கு விற்கப்பட்டோர். நம்மவரோ பஞ்சத்தாலும் கடனாலும் கங்காணியின் வாக்கை நம்பியும் வந்தோர். எனினும் காணாத ஊரை முகத்தில் ஏந்துவது இருவர்க்கும் பொது. தமிழ்நாட்டுச் சிற்றூரைக் கண்டிராத பேரனும், அங்கிருந்து வந்த கூத்தை ஆடுகின்றான்.

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றோர் ஆக்கியது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகை செய்தது. ஒரே தோட்டத்தில் ஆடியவர்கள் கடலின் இரு கரைகளிலும் பிரிந்தனர். 'நீ எந்நாட்டான்?' என்று ஏடுகள் வினவிய காலத்தும், இரதியின் ஒப்பாரி லயங்களில் ஒலித்தது.

மரமுகமூடியை அரும்பொருட்சாலையில் வைத்துக் காக்கலாம். அரிதாரமோ விடிந்ததும் கழுவப்பட்டுவிடும். அதனைக் காப்பது பாட்டும் அடவும் அறிந்தோர் நெஞ்சமே. இளைஞர் பிழைப்புத் தேடிக் கொழும்புக்குச் செல்லும் இந்நாளில், அந்நெஞ்சங்களிலிருந்து கற்போர் வேண்டும். மாணவச் செல்வங்களே, விடுமுறைக்குத் தோட்டம் செல்லும்போது பாட்டனாரின் அருகமர்ந்து அப்பாடல்களைக் கேட்டு எழுதிவையுங்கள். அடுத்த மாசியில் தப்பொலி எழும்போது, இரதிக்குக் குரல் வேண்டுமன்றோ?