ஐந்து மூட்டைக் கோழித் தீவனம்

"மேம், இந்த லேபை நான் பாதியில் விட முடியாது. ஃபெயில் ஆனாலும் சரி, கடைசி நாள் வரைக்கும் வந்துவிடுவேன்."

முதலாண்டு வேதியியல் ஆய்வகத்தில் என்னிடம் இப்படிச் சொன்ன மாணவருக்கு என்னைவிட எட்டு வயது அதிகம். கறுப்பினத்தவர். இரண்டு முறை ஈராக் போய் வந்தவர், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், ஹாட்டிஸ்பர்க் என்ற ஊரில் உள்ள சதர்ன் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் நான் பாலிமர் ஆராய்ச்சி செய்துகொண்டே லேப் வகுப்பு எடுத்த காலம் அது. ஊருக்குத் தெற்கே கேம்ப் ஷெல்பி என்ற பெரிய ராணுவப் பயிற்சி முகாம் இருக்கிறது. அதனால் பிப்பெட் பிடிக்கக் கற்றுக்கொள்ளும் பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே இப்படிச் சில பெரியவர்களும் எப்போதும் இருப்பார்கள்.

அவர் சொன்னதில் ஒரு கணக்கு இருந்தது. 2009இல் நடைமுறைக்கு வந்த திட்டத்தின்படி, போதிய காலம் பணியாற்றிய படைவீரருக்கு 36 மாதங்கள் வரை அரசு கல்லூரிக் கட்டணம் கட்டுகிறது. வாடகைக்கு மாதாமாதம் ஒரு தொகை, புத்தகத்துக்கு ஆண்டுக்கு 1,000 டாலர் வரை. தகுந்த காரணமில்லாமல் நடுவில் ஒரு பாடத்தை விட்டால், கொடுத்த பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்லிக் கடிதம் வரலாம். கடைசி வரை உட்கார்ந்து எழுதித் தோற்றால் வராது. தோற்றால் லாபம், விலகினால் கடன்! படிப்பின் கஷ்டத்தை அவர் பெரிதாகச் சொன்னதில்லை. 'யாரையாவது கொன்றிருக்கிறீர்களா?' என்று பக்கத்து மேசைப் பையன் டைட்ரேஷன் நடுவே கேட்பானே, அதைத்தான் சொன்னார்.

அந்த உதவித்தொகையின் தாத்தா 1944 ஜூன் 22 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட சட்டம். ஜி.ஐ. பில் என்பார்கள். போர் முடிந்து வந்தவனுக்கு ஆண்டுக்கு 500 டாலர் வரை கட்டணம், கைச்செலவுக்கு மாதம் 50 டாலர், மணமானவனுக்கு 75. 1947இல் அமெரிக்கக் கல்லூரிகளில் பாதிப் பேர் முன்னாள் படைவீரர்கள். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் அவர்களில் ஏராளம்.

சட்டத்தில் தோலின் நிறம் பற்றி ஒரு சொல் கிடையாது. தேவையும் இருக்கவில்லை. பணம் வாஷிங்டனிலிருந்து வந்தது, கதவுச் சாவி உள்ளூரில் இருந்தது. சட்டத்தை நாடாளுமன்றத்தில் நடத்திச் சென்றவர்களில் ஒருவரான ஜான் ராங்கின் மிசிசிப்பிக்காரர். நிர்வாகம் அந்தந்த மாநிலத்தின் கையில் இருக்க வேண்டும் என்பதில் உறுதியாக நின்றார். தெற்கு மாநிலங்களின் வெள்ளையர் கல்லூரிகள் கறுப்பினத்தவரைச் சேர்க்கவில்லை. அவர்களுக்கென்று இருந்த சில கல்லூரிகளில் அத்தனை பேருக்கு இடமில்லாமல் ஆயிரக்கணக்கானோர் திரும்பிப் போனார்கள். இதே சட்டம் வீடு, தொழில், பண்ணைக் கடன்களுக்கும் உத்தரவாதம் தந்தது. 1947இல் மிசிசிப்பியின் 13 நகரங்களில் அப்படிக் கொடுத்த 3,229 கடன்களில் கறுப்பினத்தவருக்குக் கிடைத்தவை இரண்டு.

எங்கள் பல்கலைக்கழகத்தில் பாடப் பதிவு, சான்றிதழ் என்று எந்தக் காகிதத்துக்கும் கென்னார்ட்-வாஷிங்டன் ஹால் என்ற கட்டடத்துக்குப் போக வேண்டும். முதல் பெயருக்கு உரிய கிளைட் கென்னார்ட் அங்கே ஒரு நாள்கூட மாணவராக இருந்ததில்லை.

கென்னார்ட் அந்த ஊர்க்காரர், 1927இல் பிறந்தவர். பதினெட்டு வயதில் ராணுவத்தில் சேர்ந்து ஏழு ஆண்டுகள் இருந்தார். பாராசூட் படை, ஜெர்மனி, கொரியா. 1952இல் வெளியே வந்து சிகாகோ பல்கலைக்கழகத்தில் மூன்று ஆண்டுகள் படித்தார். 1955இல் மாற்றாந்தந்தைக்கு உடம்பு முடியாமல் போகவே, அம்மாவுக்குத் துணையாகக் கோழிப்பண்ணையைப் பார்க்க ஊர் திரும்பினார். பட்டத்துக்குப் பாக்கி ஓர் ஆண்டு. பண்ணையிலிருந்து காரில் போய்வரும் தூரத்தில் எங்கள் பல்கலைக்கழகம், அப்போது அது மிசிசிப்பி சதர்ன் என்ற கல்லூரி. விண்ணப்பித்தார்.

சொந்த மாவட்டத்தைச் சேர்ந்த பழைய மாணவர்கள் ஐந்து பேரிடம் சிபாரிசு வாங்கி வா என்றார்கள். பழைய மாணவர்கள் அத்தனை பேரும் வெள்ளையர். (நாமக்கல்லிலிருந்து விண்ணப்பித்த எனக்கு என் பேராசிரியர்கள் மூன்று பேர் எழுதிய கடிதம் போதுமாக இருந்தது.) கென்னார்ட் சளைக்கவில்லை. உள்ளூர்ப் பத்திரிகைக்கு நிதானமாக, வாதம் பிசகாமல் கடிதங்கள் எழுதினார். மறுபடி மறுபடி விண்ணப்பித்தார். 1959 செப்டம்பரில் கல்லூரித் தலைவரைப் பார்த்துவிட்டுக் காருக்குத் திரும்பியபோது, தாறுமாறாக வண்டி ஓட்டியதாகக் கைது செய்தார்கள். மதுவிலக்கு இருந்த மாநிலம். காரில் மது இருந்ததாக இன்னொரு வழக்கு.

மறு ஆண்டு, கூட்டுறவுக் கிடங்கில் ஐந்து மூட்டைக் கோழித் தீவனம் திருடுபோனது. மதிப்பு 25 டாலர். திருடிய பத்தொன்பது வயதுப் பையன், கென்னார்ட் சொல்லித்தான் செய்தேன் என்றான். பண்ணை வைத்திருப்பவன் ஐந்து மூட்டைக்காக ஆள் வைத்துத் திருடுவானா என்று எங்கள் நாமக்கல்லில் எந்தக் கோழிப்பண்ணைக்காரரைக் கேட்டாலும் சிரிப்பார். முழுக்க வெள்ளையர்களே இருந்த ஜூரி பத்து நிமிடத்தில் குற்றவாளி என்றது. கென்னார்டுக்கு ஏழு ஆண்டு சிறை. பையன் உள்ளே போகவே இல்லை. சிறை சென்றவர் மாநிலக் கல்லூரியில் சேர முடியாது என்பதால், விண்ணப்பத் தொல்லையும் அத்தோடு தீர்ந்தது.

இந்தத் தீர்ப்பை வெளிப்படையாகச் சாடியதற்காக நீதிமன்ற அவமதிப்பு வழக்கைச் சந்தித்தவர் மெட்கர் எவர்ஸ். அவரும் நார்மண்டி வரை போய் வந்த படைவீரர், 1954இல் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தின் சட்டக் கல்லூரி திருப்பியனுப்பிய விண்ணப்பதாரர். அந்தப் பல்கலைக்கழகத்தின் வாசலைக் கடைசியில் திறக்க வைத்த ஜேம்ஸ் மெரிடித் விமானப்படையில் ஒன்பது ஆண்டுகள் இருந்தவர். 1962 செப்டம்பர் 30 இரவு அவர் சேர்வதை எதிர்த்து வளாகத்தில் கலவரம் மூண்டு இரண்டு பேர் செத்தார்கள். ஆயிரக்கணக்கில் ராணுவம் இறங்கியது. காலையில் பெயரைப் பதிந்துவிட்டு வகுப்புக்குப் போனார். அவர் விடுதி அறைக்கு மேலே இரவெல்லாம் பந்தைத் தட்டிக்கொண்டே இருந்தார்களாம். அவர் உட்கார்ந்த சாப்பாட்டு மேசையிலிருந்து மற்றவர்கள் எழுந்து போனார்கள். 1963 ஆகஸ்டில் பட்டம் வாங்கிய அன்று, கறுப்பினத்தவரைச் சேர்க்கவே மாட்டோம் என்று எதிர்ப்பாளர்கள் குத்திக்கொண்ட 'நெவர்' பொத்தானைத் தலைகீழாக அங்கியில் குத்தியிருந்தார். எனக்குப் பிடித்த குறும்பு.

கென்னார்ட் அதைப் பார்க்கவில்லை. பார்ச்மன் சிறைப் பண்ணையில் குடல் புற்றுநோய் கண்டு அறுவை சிகிச்சை செய்த பிறகும் வயல்வேலைக்கு அனுப்பினார்கள். நாடெங்கும் கண்டனம் எழுந்த பின் 1963 தொடக்கத்தில் விட்டார்கள். ஜூலை 4 அன்று சிகாகோவில் இறந்தார். வயது 36. அவர் கேட்ட கல்லூரியில் 1965இல் இரண்டு கறுப்பினப் பெண்கள் சேர்ந்தார்கள்.

2005இல் அந்தப் பையன், அதற்குள் முதியவர், கென்னார்டுக்கும் திருட்டுக்கும் சம்பந்தமில்லை என்று ஒரு பத்திரிகையாளரிடம் சொன்னார். மறு ஆண்டு அதே மாவட்ட நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. 2018இல் பல்கலைக்கழகம் கென்னார்டுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியது. அவர் கேட்டிருந்தது இளநிலைப் படிப்பின் கடைசி ஓர் ஆண்டு.