பிரிந்த குடும்பம் சேரும் வழி

திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து நவி மும்பையிலுள்ள நெருளில் உத்தியோகம் பார்க்கும் ஒருவர், மனைவி மக்களை அழைத்துக்கொள்ள நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் பயணச்சீட்டு எடுத்தால் போதும். கல்யாணில் இறங்கித் தாணே வழியாக வந்து சேரும் அக்குடும்பத்தை எந்த அதிகாரியும் அனுமதிப் பத்திரம் கேட்டு நிறுத்துவதில்லை. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் இலங்கையை விட்டு ஓடி, ஒருவர் டொராண்டோவிலும் மற்றவர் தமிழ்நாட்டின் மண்டபம் அகதி முகாமிலுமாகச் சிதறிய தமிழ்க் குடும்பங்களுக்கோ, ஒரே கூரையின் கீழ் வாழும் அந்தச் சாதாரண பாக்கியம் ஆண்டுக்கணக்கான விண்ணப்பங்களைச் சார்ந்ததாயிற்று.

1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையின் ஷரத்துக்களில் குடும்ப ஐக்கியம் இடம்பெறவில்லை. உடன்படிக்கையை நிறைவேற்றிய மாநாடு அதைத் தனியொரு சிபாரிசாகவே விட்டுச் சென்றது. ஆகவே ஒவ்வொரு தேசமும் தன் சட்டப்படி நடக்கிறது. கனடாவில் பாதுகாப்புப் பெற்றவர், நிரந்தர வாசத்துக்கான தமது மனுவிலேயே கணவன் அல்லது மனைவியையும், 22 வயது நிரம்பாத, மணமாகாத மக்களையும் சேர்த்துக்கொள்ளலாம். பெற்றோருக்கும் உடன்பிறந்தாருக்கும் அவ்வழி இல்லை. தம்பி தங்கையரை வளர்த்து ஆளாக்கிய மூத்தவரைக் குடும்பத்துக்குப் புறம்பாக்கும் இந்த இலக்கணம் நம்மவர் வாழ்க்கைக்குப் பொருந்தாதது என்றே கருதுகிறேன்.

அந்தக் கனடா மனுவில் மிகுந்த ஜாக்கிரதை வேண்டிய இடம் குடும்பத்தினர் பட்டியல். உடன் வராத குழந்தையின் பெயரையும் எழுதியே ஆகவேண்டும். மறைத்தாலோ மறந்தாலோ, பிற்பாடு அக்குழந்தையை அழைக்கும் உரிமை பறிபோகக்கூடும். பிறப்புச் சான்றிதழ் யுத்தத்தில் எரிந்துபோயிருந்தால், மரபணுப் பரிசோதனையை ஏற்பதுண்டு.

இந்தியா அகதிகள் உடன்படிக்கையில் சேரவில்லை. எனினும், குடும்பம் சேர்வதற்கான மனுக்களைத் தாமதமின்றி, மனிதாபிமானத்துடன் கவனிக்கக் கோரும் 1989ஆம் ஆண்டின் குழந்தை உரிமை உடன்படிக்கையை 1992இல் ஏற்றிருக்கிறது. முகாம்வாசிகளின் மனுக்களை நம் அதிகாரிகள் அந்தக் கண்கொண்டே பரிசீலிக்க வேண்டும்.