பக்க அட்டவணையும் பழம்படியும்

மூலச் சுவடியைத் திருத்தினும் அதன் படிகள் தாமே திருந்தா என்பதைப் பதிப்புப் பணியில் நாம் நன்கு அறிவோம். கணிப்பொறியின் கெர்னலும் இவ்விடரை எதிர்கொள்கின்றது.

நிரல் வழங்கும் முகவரி மெய்ந்நினைவகத்தின் எப்பக்கத்தைச் சுட்டும் என்பதைப் பக்க அட்டவணை உரைக்கும். 1962இல் மான்செஸ்டரில் தொடங்கிவைக்கப்பெற்ற அட்லஸ் கணிப்பொறி பக்கமுறைக்கு முன்னோடியாகும். எக்ஸ்86 செயலிகளில் ஒரு பக்கத்தின் இயல்பான அளவு 4,096 பைட்டுகள்.

அட்டவணையை ஒவ்வொரு முறையும் நோக்கின் காலம் நீளும். ஆதலின் ஒவ்வொரு செயலியும் தான் கண்ட பதிவுகளை டி.எல்.பி. என்னும் சிற்றிடத்தில் படியெடுத்து வைத்துக்கொள்ளும். கெர்னல் ஒரு பக்கத்தை ஒரு நிரலினின்று நீக்கிப் பிறிதொன்றற்கு அளிக்குங்கால் அட்டவணை மாறும். பிற செயலிகளின் படிகள் தாமே மாறா. பழம்படியை நம்பும் செயலி பிறர்க்குரிய பக்கத்தில் எழுதிவிடக்கூடும்.

இதனைத் தடுக்க லினக்ஸ் கெர்னல் முதற்கண் பதிவை நீக்கும். அடுத்து, பொதுவாகக் குறுக்கீடு அனுப்பி, உரிய செயலிகளின் படிகளை அழிப்பிக்கும். அழிந்தமை உறுதியான பின்னரே பக்கத்தை விடுவிக்கும். படியை முன்னரும் பதிவைப் பின்னரும் நீக்கின் யாது நேரும்? இடைப்பொழுதில் செயலி பழம்பதிவையே மீண்டும் படியெடுத்துக்கொள்ளும். ஆகவே, செயல்களின் முறைவைப்பே ஈண்டுக் காவலாகும் என்பது தெளிவு.