வீடு மாறலாம், எட்டாம் வகுப்பில் வேண்டாம்

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் தமிழ்க் குரலுக்குப் பஞ்சமே இருக்காது. நாகர்கோவில், தென்காசிப் பக்கமிருந்து பிழைப்புக்காகக் குடும்பத்தோடு வந்தவர்கள் தலைமுறை தலைமுறையாக இங்கே உண்டு. பிள்ளையை மூன்றாம் வகுப்பில் மலையாளப் பள்ளியில் சேர்த்தால், கிறிஸ்துமஸ் பரீட்சை வருவதற்குள் தெருப்பையன்களோடு மலையாளத்திலேயே சண்டை போடத் தொடங்கிவிடுவான். அப்பாவுக்குப் பெருமை பிடிபடாது. மார்க் மட்டும் ஏறாது.

இதற்கு விளக்கம் சொன்னவர் கனடா கல்வியாளர் ஜிம் கம்மின்ஸ். விளையாட்டிலும் கடையிலும் புழங்கும் மொழி சுமார் 2 ஆண்டில் நாக்குக்கு வந்துவிடும். பாடப்புத்தக மொழியில் உள்ளூர்ப் பிள்ளைகளை எட்டிப்பிடிக்க 5 முதல் 7 ஆண்டுகள்கூட ஆகும் என்றார் அவர். தமிழும் மலையாளமும் பங்காளிகள்தானே என்று அசட்டையாக இருந்துவிட முடியாது. தமிழில் ஒரே 'க' நிற்கும் இடத்தில் மலையாளத்தில் நான்கு எழுத்துகள் உண்டு. கேட்டெழுத்து நோட்டைப் புரட்டினால் சிவப்பு மை அதிகம் விழுந்திருப்பது அங்கேதான். வாய் சரளமாக இருப்பதால் பையன் தடுமாறுவது வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை. 'கவனம் பத்தாது' என்று அவன்மேல் பழி விழுகிறது.

அந்த 5 முதல் 7 ஆண்டுகளாவது அவனுக்கு ஒரே இடத்தில் கிடைக்க வேண்டுமே! வாடகை ஒப்பந்தம் 11 மாதம். சாலையிலிருந்து கரமனை, அங்கிருந்து நேமம் என்று வீடு மாற, பள்ளியும் மாறுகிறது.

இப்படி இடம் மாறுவது பிள்ளைகளை எப்படிப் பாதிக்கும்? டென்மார்க்கில் 1971 முதல் 1997 வரை பிறந்த 14 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பதிவேடுகளை வைத்து நடந்த ஆய்வு 2016இல் வெளியானது. சிறு வயதில் ஊர்விட்டு ஊர் மாறியவர்களுக்குப் பின்னாளில் தற்கொலை முயற்சி, போதை, வன்முறை போன்றவற்றின் அபாயம் கூடியிருந்தது. 12 முதல் 14 வயதில் மாறியவர்களிடம் அது இன்னும் தூக்கலாகத் தெரிந்தது. பணக்கார வீடு, ஏழை வீடு இரண்டிலும் இதே போக்குதான்.

அதற்காக மாறுவதே கெடுதல் என்று முடிவுகட்ட வேண்டாம். 1990களில் அமெரிக்காவின் 5 நகரங்களில், ஏழைக் குடும்பங்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்து வறுமை குறைந்த பகுதிகளுக்குக் குடியேற உதவினார்கள். 13 வயதுக்குள் அப்படிப் போன பிள்ளைகள் இருபதுகளின் நடுவில் 31 விழுக்காடு கூடுதலாகச் சம்பாதித்தார்கள். 13ஐத் தாண்டிப் போனவர்களுக்கு லாபம் இல்லை. லேசான நஷ்டம்கூடத் தெரிந்தது. இந்தக் கணக்கைப் போட்டவர்களில் ஒருவர் ராஜ் செட்டி: டெல்லியில் பிறந்து, 9 வயதில் அமெரிக்கா போன தமிழ் வீட்டுப் பிள்ளை.

அமெரிக்கச் சேரியும் நேமம் வாடகை வீடும் ஒன்றல்ல. ஆனால் வயதுக் கணக்கு நமக்கும் உதவும். கேரளத்தில் நாலாம் வகுப்போடும் ஏழாம் வகுப்போடும் முடிந்துவிடும் பள்ளிகள் பல. அப்படிப்பட்ட பள்ளியில் படித்தால் எட்டில், அதாவது 13 வயதை ஒட்டி, பையன் எப்படியும் புதுப் பள்ளிக்குப் போயாக வேண்டியிருக்கும். அதே வருஷம் வீட்டையும் மாற்றினால் வகுப்புத் தோழர்களோடு தெருத் தோழர்களும் ஒரே மூச்சில் போய்விடுவார்கள். முடிந்தால் வீடு மாற்றுவதை ஐந்தாம் வகுப்புக்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் வீடு மட்டும் மாறட்டும், பள்ளி இருக்கட்டும். பஸ் செலவு பெரிதல்ல. தவிர்க்கவே முடியாமல் நடுவில் மாற்ற நேர்ந்தால், எட்டாம் வகுப்பு வரை டி.சி. வரத் தாமதமாகிறது என்பதற்காக அரசுப் பள்ளியோ அரசு உதவிபெறும் பள்ளியோ பிள்ளையை வாசலில் நிறுத்த முடியாது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது.